முதுகுக் கறி யாருக்கு?

அந்தக் காலத்திலே, நடுக்கடலில் கிடந்த ஒரு யவனத் தீவைத் தெரசிலன் என்ற ராஜா ஆண்டுவந்தான். நல்லவன்தான்; ஆனால் கோபம் மூக்கு நுனியிலேயே உட்கார்ந்திருக்கும்.

அந்தத் தீவில் மரியாதையைக் கறியில்தான் காட்டுவார்கள். விருந்தில் காளையின் முதுகுக் கறி யார் தட்டில் விழுகிறதோ, அவனே சபையில் பெரியவன். இதற்காக அண்ணன் தம்பிகூடப் பேச்சை நிறுத்தியதுண்டு.

எதிரிக் கப்பல்கள் தீவை நெருங்கிவிட்டன. மறுநாள் சண்டை. இந்த நேரம் பார்த்தா ராஜாவுக்குப் புத்தி கெடவேண்டும்! தளபதி இபிதாஸ் பத்து வருஷத்துக்கு முந்தைய போரில் வென்ற வெண்கல அண்டாவை, ஆசைப்பட்டுப் பிடுங்கிக்கொண்டான்.

"நாலு பேர் முன்னால் என் மானம் போச்சு. இன்றைய விருந்தில் முதுகுக் கறியும் எனக்கில்லை என்றால், என் ஆட்களோடு கப்பலேறிவிடுவேன்" என்று இபிதாஸ் மந்திரி லியோதனிடம் சொல்லிவிட்டான். அவன் போனால் தீவு அவ்வளவுதான்.

மந்திரி பதவி மேல் கண் வைத்திருந்த கிராத்தோன் என்ற பிரபுவுக்கு இது தெரிந்துபோயிற்று. விருந்தில் எழுந்து, "மன்னா, இன்று மந்திரியே பரிமாறட்டுமே! அவர் மனசில் யார் பெரியவர் என்று பார்ப்போம்" என்றான்.

"பேஷ்!" என்றான் ராஜா. "லியோதா, தப்பான தட்டில் வைத்தாயோ, தலை இருக்காது."

லியோதன் கறித்தட்டை ஏந்தி வந்தான். ஒரு பக்கம் ராஜா தட்டை நீட்டிக்கொண்டிருந்தான். இன்னொரு பக்கம் இபிதாஸ் புறப்படத் தயாராகப் போர்வையைத் தோளில் போட்டிருந்தான். லியோதன் இருவரையும் தாண்டிப்போய், கறியைக் கிராத்தோன் தட்டில் வைத்தான்.

"எனக்கா!" கிராத்தோனுக்கு வாயெல்லாம் பல்.

"உமக்கேதான். முன்னோர் வழக்கப்படி, இதைத் தின்பவர் நாளை முதல் வரிசையில், எதிரி ஈட்டிக்கு நேராக நிற்கவேண்டும். சாப்பிடும்."

பத்து வருஷம் சண்டையே இல்லாததால், வழக்கத்தில் இந்தப் பாதியை எல்லோருமே மறந்திருந்தார்கள். கிராத்தோன் ஓடிப்போய் ராஜாவின் முழங்காலைக் கட்டிக்கொண்டான். "காப்பாற்றுங்கள் மன்னா! எனக்கு வயிறு சரியில்லை! இபிதாஸை விட்டால் இதற்கு வேறு யாருக்குத் தகுதி?"

ராஜா வயிறு குலுங்கச் சிரித்தான். சட்டென்று சிரிப்பு நின்றது. பத்து வருஷமாக அதைத் தின்றவன் அவன்தானே! வெட்கமாகிவிட்டது. எழுந்துபோய்க் கறியை இரண்டாக வெட்டி, ஒரு பாதியைத் தன் கையாலேயே இபிதாஸுக்கு வைத்தான்.

"அண்டா உன் வீட்டுக்கு வந்துவிடும். நாளை நாம் இருவரும் முன்னால் நிற்போம்."

இபிதாஸ் போர்வையைக் கழற்றிப் போட்டுவிட்டு உட்கார்ந்தான்.

"லியோதா, கிராத்தோன் அதை வாயில் போட்டிருந்தால்?" என்று கேட்டான் ராஜா.

"எல்லோரும் தொலைந்திருப்போம் மன்னா. காலையிலிருந்து எனக்கு ஒரு வாய் இறங்கவில்லை."

ராஜா தன் பாதியிலிருந்து ஒரு துண்டை வெட்டி நீட்டினான். "உன் புத்திக்குப் பரிசு. சாப்பிடு."

சபையே லியோதனைப் பார்த்தது. அவன் வாளைத் தொட்டு எத்தனையோ காலம் ஆயிற்று. கறியை வாங்கிக்கொண்டு, இன்னும் தரையில் கிடந்த கிராத்தோனைத் தாண்டிப்போய் உட்கார்ந்தான்.

"உப்பைக் கொஞ்சம் இப்படித் தள்ளுங்கள்" என்றான். உப்பைத் தொட்டுத் தொட்டு முழுவதையும் தின்றான்.