இருவருக்கும் வேண்டாத மத்தியஸ்தர்

குரு வேலம்மையிடம் சீடராக வந்த மாசிலாமணி, குருவைவிட வயதில் மூத்தவர். ஊர்ப் பஞ்சாயத்துகளில் நியாயம் பேசிப் பேசியே தலை நரைத்தவர். அந்தப் பெருமை மட்டும் நரைக்கவில்லை.

ஒரு நாள் பூங்காவனம் என்ற பெண் அழுதுகொண்டே வந்தாள். அவள் கல்யாணம் நின்றுவிடும்போல இருந்தது. தங்கள் குலதெய்வத்தின் முன்னால்தான் தாலி ஏற வேண்டும் என்கிறார் மாப்பிள்ளையின் அப்பா கொளஞ்சி. பெண் வீட்டு வாசலில்தான் என்கிறார் அவள் அப்பா சடையப்பன்.

"நடுவுல நின்னு பேச சரியான ஆள் யாரும்மா?" என்று கேட்டார் மாசிலாமணி. குரு தன் பெயரைச் சொல்ல மாட்டாரா என்று அவருக்கு ஓர் ஆசை.

"நீங்களே போங்கய்யா. ஆனா தீர்ப்பு சொல்லாதீங்க. ரெண்டு பேரும் ஒத்துக்கிற மத்தியஸ்தரைத் தேடிக் குடுத்துட்டு வந்துடுங்க."

அவர் போனபோது சம்பந்திகள் ஆளுக்கொரு பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

"நாட்டாமையைக் கூப்பிடலாமா?"

"அவரா? அவரு வீட்டுச் சண்டைக்கே என்னைத்தான் கூப்பிடுவாரு," என்றார் கொளஞ்சி.

சடையப்பனுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டார்.

"அப்போ வைத்தியர்?"

"ஐயோ வேண்டாம்யா! எதுக்கெடுத்தாலும் கஷாயம்பாரு. போன தடவை மூணு நாள் என் நாக்கு செத்துப் போச்சு," என்றார் சடையப்பன்.

"எனக்கு ஒரு வாரம்," என்றார் கொளஞ்சி.

மாசிலாமணி தொண்டையைச் செருமிக்கொண்டார். "சரி, நானே பேசட்டுமா?"

சம்பந்திகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"வேண்டவே வேண்டாம்!" என்றார்கள் இருவரும்.

"இவரு பேசி முடிக்கிறதுக்குள்ள நம்ம பேரனுக்கே பொண்ணு பாக்கணும்," என்றார் கொளஞ்சி.

"நம்ம பேரன்," என்று மெல்லச் சொல்லிப் பார்த்தார் சடையப்பன். அப்புறம் இருவரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள்.

மாசிலாமணி முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு திரும்பினார். அவருக்கு அவமானமாக இருந்தது.

"தோத்துட்டேம்மா. யார் பேரைச் சொன்னாலும் வேண்டாம்னுட்டாங்க. கடைசியில ரெண்டு பேரும் ஒரே குரல்ல என்னையும் வேண்டாம்னுட்டாங்க."

"கல்யாணம்?"

"அதை அவங்களே உக்காந்து பேசி முடிச்சுட்டாங்க. தாலி சாமி முன்னால, முதல் பந்தி பொண்ணு வீட்டு வாசல்ல. பூங்காவனத்துக்குக் கால் தரையில பாவல."

குரு வாய்விட்டுச் சிரித்தார்.

"ஏங்கய்யா, நீங்க போறதுக்கு முன்னாடி அவங்க ரெண்டு பேரும் எதையாவது ஒரே குரல்ல சொல்லியிருக்காங்களா?"