அத்தை வைக்காத சேனை

உலகம்மாள் மறுபடியும் கை கழுவினாள்.

உள்ளே தம்பி பெண்டாட்டி அருணா வலியில் முனகிக்கொண்டிருந்தாள். வெளியே மழை பிடித்துக்கொண்டு பெய்தது. மலையடிவாரத்தில் இருந்த அந்தப் பிரசவ விடுதிக்கு உலகம்மாள் ஐம்பது வயதுக்கு மேல் பிரசவம் பார்க்கக் கற்றுக்கொள்ள வந்தவள். கற்றுக்கொடுக்கும் டாக்டர் வேலம்மை அவளைவிடச் சின்னவள். உலகம்மாள் அவளைக் குரு என்பாள். குரு அவளை அக்கா என்பாள்.

போன மழைக்காலத்தில் அங்கே பிறந்த ஒரு குழந்தை காய்ச்சல் கண்டு இறந்துபோனது. எதனால் என்று யாராலும் சொல்ல முடியவில்லை. தன் கையால்தானோ என்று அன்றைக்கு உலகம்மாளுக்குத் தோன்றியது. அன்றைக்குப் பிடித்த சோப்பை அவள் இன்னும் கீழே வைக்கவில்லை.

"இன்னும் எவ்வளவு நேரம்தான் கழுவுவீக மதினி? கையே கரைஞ்சு போயிரும்" என்றாள் அருணாவின் அம்மா ராஜாமணி. அவள் மடியில் ஒரு வெள்ளிக் கிண்ணம். அதில் தேன்.

சேனை வைப்பதற்குத்தான் அந்தத் தேன். பிறந்த பிள்ளையின் நாக்கில் முதல் சொட்டை யார் தொட்டு வைக்கிறார்களோ அவர்கள் குணம் பிள்ளைக்கு வரும் என்று ஊரில் சொல்வார்கள். பிள்ளையில்லாத உலகம்மாள்தான் வைக்க வேண்டும் என்று தம்பி ஒற்றைக் காலில் நின்றான். குருவுக்கு அது பிடிக்காது என்று அவளுக்குத் தெரியும். இருந்தும் சரி என்றுவிட்டாள்.

பையன் பிறந்தான். வீறிட்டு அழுதான்.

முதுகிலும் அக்குளிலும் தொடையிடுக்கிலும் வெள்ளை வெள்ளையாக மெழுகு போல அப்பியிருந்தது.

"என்ன டாக்டரம்மா இது, தயிர்ல முக்கி எடுத்த மாதிரி! முதல்ல குளிப்பாட்டுங்க" என்றாள் ராஜாமணி.

உலகம்மாள் அதற்குள் வெந்நீர்ச் சட்டியைத் தூக்கிவிட்டாள். குளிப்பாட்டக் கூடாது, துடைத்தால் போதும் என்பது அவளுக்கு மனப்பாடம். பயம் வந்த நேரத்தில் மனப்பாடம் உதவவில்லை.

குரு ரத்தத்தை மட்டும் துணியால் ஒற்றியெடுத்தாள். பிள்ளையை அப்படியே அருணாவின் மார்பில் கிடத்தி மேலே போர்த்தினாள்.

"சட்டியை இறக்குங்க அக்கா."

"ஊரெல்லாம் காய்ச்சல். இந்த அழுக்கோட விட்டா..."

"கையைக் காட்டுங்க."

உலகம்மாள் சட்டியை இறக்கி வைத்துவிட்டுக் கையை நீட்டினாள். விரலிடுக்கெல்லாம் வெடிப்பு. ஆள்காட்டி விரலின் நகக்கண் சிவந்து வீங்கியிருந்தது. ஓரத்தில் சீழ்.

"இந்த விரலாலதான் சேனை வைக்கப் போறீங்களா?"

"நல்லாக் கழுவியிருக்கேன்."

"கழுவினதுதான் தெரியுதே."

உலகம்மாள் விரலை மடக்கிக்கொண்டாள்.

"இது ஆறுற வரைக்கும் இவனைத் தொட வேண்டாம் அக்கா. எந்தப் பிள்ளையையும்தான்."

ராஜாமணி கிண்ணத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். "அப்ப பிள்ளைக்கு அத்தை குணம் எப்படி வரும்?"

"வராட்டி உங்களுக்குத்தான் லாபம். வீட்டுல சோப்பு மிச்சம்" என்றாள் குரு.

அருணா அந்த அசதியிலும் சிரித்துவிட்டாள். உலகம்மாள் சிரிக்கவில்லை.

"கழுவக் கூடாது, தேன் கூடாது, நான் தொடவும் கூடாது. பச்சை மண்ணு. பல்லு இல்லை, நகத்துல பலம் இல்லை. இவனுக்கு யாருதான் காவல்?"

"நீங்க அழுக்குன்னு சொன்னீங்களே இந்த வெள்ளைப் பூச்சு, அதுல இருக்கு காவல். அவன் தோல்ல இருக்கு. எச்சில்ல, கண்ணீர்ல இருக்கு. புரதத்துல ஆன துணுக்குங்க, கண்ணுக்குத் தெரியாது. கிருமி வந்து ஒட்டினா அதோட மேலுறையில பதிஞ்சு ஓட்டை போட்டுரும். யாரும் கூப்பிட்டு விட வேண்டாம்."

"இவன் ஒரு அழுகைகூட முழுசா அழுது முடிக்கலையே. அதுக்குள்ளயா?"

"சேனைன்னா பள்ளிக்கூடத்துல என்ன அர்த்தம் சொல்லிக் கொடுத்தாங்க அக்கா?"

உலகம்மாள் கொஞ்சம் யோசித்தாள். "படை."

"அது இவன் பிறக்கிறதுக்கு முந்தியே வந்து இறங்கியாச்சு."

பிள்ளை முட்டி முட்டித் தேடியது. மார்பில் மஞ்சளாக ஒரு சொட்டு எட்டிப் பார்த்தது.

"சீம்பால், செரிக்காது. பீச்சிக் கீழ விட்டுரு" என்றாள் ராஜாமணி.

"அதுவும் அந்தப் படைதான். விடுங்க, குடிக்கட்டும்."

பிள்ளை கவ்விக்கொண்டது. அறையில் சப்புக்கொட்டும் சத்தம் கேட்டது.

உலகம்மாளால் உட்கார முடியவில்லை. பிள்ளையின் நெற்றியைத் தொட்டுப் பார்க்கப் போய், விரல் ஞாபகம் வந்து கையை இழுத்துக்கொண்டாள். மழைச் சத்தத்தில் அவள் குரல் சரியாக எழும்பவில்லை.

"போன மழையில போச்சே, அந்தப் பிள்ளைக்கும் இந்தப் படை இருந்துச்சா?"

"இருந்துச்சு."

"பிறகு ஏன்?"

குரு கிண்ணத்தை ராஜாமணியின் மடியிலிருந்து எடுத்து ஜன்னலோரம் வைத்தாள்.

"சில நேரம் படை தோத்துரும் அக்கா."

"நான் கழுவாததாலயா? கழுவினதாலயா?"

"எனக்குத் தெரியலை. தெரிஞ்சா அன்னைக்கே சொல்லியிருப்பேன்."

உலகம்மாள் சுவரில் சாய்ந்தாள். குழாய் சரியாக மூடாமல் சொட்டிக்கொண்டிருந்தது. கண் அந்தப் பக்கமே போனது.

"தோக்கும்போது நமக்குத் தெரிஞ்சிருது. காய்ச்சல் வருது, பிள்ளை சுருண்டு போகுது. ஜெயிச்சுக்கிட்டு இருக்குன்னு நான் எப்படித் தெரிஞ்சுக்க?"

குரு ஒரு நாற்காலியை இழுத்து, பிள்ளைக்கு எதிரே, கை எட்டாத தூரத்தில் போட்டாள்.

"இங்க உட்காருங்க."

உலகம்மாள் உட்கார்ந்தாள். "உட்கார்ந்தா?"

"பார்த்துக்கிட்டே இருங்க. ஒண்ணுமே நடக்காது."