கோலை விடாத கை

வெகு வெகு காலத்துக்கு முன்னே, முத்தாரபுரியில் கரியமுகன் என்ற மந்திரவாதி இருந்தான். அவன் மாளிகையில் பச்சைத் துணி போர்த்திய ஒரு மேசை, அதில் ஆறு குழிகள். கோலால் பந்தைத் தட்டிக் குழியில் தள்ள வேண்டும். விழுந்தால் மறுபடி நீயே ஆடு. தவறினால் கோலை எதிராளியிடம் கொடு. அதுவரை கோல் கையை விட்டு வராது.

அங்கே ஆட வந்த அழகேசன் என்ற இளைஞனுக்கோ தவறியதே இல்லை. குறிகூடப் பார்க்க மாட்டான். டக்! விழுந்தது. டக்! விழுந்தது.

ஆறு மாதமாகக் காணாத அண்ணன் அழகேசனைத் தேடி வந்த செங்கமலம் வாசலிலேயே நின்றுவிட்டாள். அடடா, என்ன அழகு! பள்ளம் பார்த்து ஓடும் தண்ணீர்போலப் பந்து போகிறது! கைதட்டப் போனவள், சுற்றி நின்ற கூட்டத்தைப் பார்த்தாள். தட்டிக்கொண்டே இருந்தார்கள், ஒருவருக்கும் இமை ஆடவில்லை. ஒருவர் தோளில் சிலந்தி வலை. ஜன்னலில் வெயில் நகரவே இல்லை. ஒவ்வொரு டக்குக்கும் கரியமுகனின் ஒரு நரைமுடி கறுத்தது, அண்ணனின் கன்னம் ஒட்டியது.

"இது என்ன நியாயம்? அவனை விடு!"

"நானா பிடித்து வைத்தேன்? தவறட்டும், போகட்டும். அவன் ஆடும்வரை எனக்குச் சாவு இல்லை, பெண்ணே!"

"அண்ணே, வேணும்னே தப்பா அடிச்சுடு!"

"முடியலடி. கை கேக்க மாட்டேங்குது."

கை கேட்காவிட்டால் என்ன, தலை கேட்குமே என்று நினைத்தாள் செங்கமலம்.

"அடிக்கும்போது எந்தக் கண்ணை மூடுவே?"

"தெரியலையே..." டக்! விழுந்தது.

"மூச்சை இழுத்துட்டு அடிப்பியா, விட்டுட்டா?"

டக்! விளிம்பில் தள்ளாடி விழுந்தது.

"வாயை மூடு!" என்று அலறினான் கரியமுகன்.

"ஏன் மூடணும்? கேள்வி கேக்கக் கூடாதுன்னு உன் ஆட்டத்துல இருக்கா? அண்ணே, முதல்ல அசையறது முழங்கையா, மணிக்கட்டா?"

அழகேசன் முதன்முறையாகத் தன் கையையே பார்த்தான். யோசித்தான். டக்!

பந்து குழியோரத்தில் நின்றது.

"உங்க முறை, ஐயா" என்று கோலை நீட்டினான். ஆட்ட விதியை மீற முடியாமல் அதைத் தொட்டதும், கரியமுகன் திருடிச் சேர்த்த நாளெல்லாம் உதிர்ந்தன. நாற்காலியில் வெறும் அங்கி சரிந்தது.

கூட்டம் இமைத்தது. "அழகான ஆட்டத்தைக் கெடுத்துட்டியே, பொண்ணு!" என்றார் ஒருவர்.

"அழகுதான். உங்க வீட்டுப் பிள்ளையா இருந்தா நின்னு கைதட்டியிருப்பீங்களா?"

அவர் போய் அழகேசனின் தோளைத் தாங்கிப் பிடித்தார்.

"பசிக்குதுடி" என்றான் அண்ணன்.

ஊரே கூடிப் பொங்கிப் போட்டது. அவன் மூன்று முறை சோறு வாங்கித் தின்றான். கேட்ட உங்கள் வயிறும் குளிரட்டும்!