பலகை இல்லாத வண்டி

ஜெசிந்தாவிடம் தொழில் கற்றவர்களில் நஞ்சப்பன் ஒருவர்தான் அவரைவிட வயதில் மூத்தவர். அவர் வேலை பார்த்த பஞ்சாலை மூடியபோது அவருக்கு ஐம்பத்துமூன்று. ஜெசிந்தாவுக்கு முப்பத்தெட்டு. மேட்டுப்பாளையத்தில் குளிர்பதன அறைகளைப் பழுது பார்க்கும் பட்டறை வைத்திருந்தார். அதற்கு முன் தொழிற்பயிற்சி நிலையத்தில் பாடம் எடுத்தவர். அதனால் எல்லோருக்கும் அவர் டீச்சர்.

நஞ்சப்பன் ஆறே மாதத்தில் குழாய் பற்றவைக்கக் கற்றுக்கொண்டார். பட்டறையின் மூடிய வண்டியையும் நன்றாக ஓட்டுவார். வண்டியில் சிலிண்டர் ஏற்றும்போது மட்டும் அவருக்கும் டீச்சருக்கும் ஒத்துப்போகாது.

டீச்சர் சொன்னவை நான்கு. சிலிண்டர் நிமிர்ந்து நிற்க வேண்டும், சங்கிலி போட வேண்டும். வேலை முடிந்ததும் ரெகுலேட்டரைக் கழற்றி மூடி போட வேண்டும். வண்டிக் கண்ணாடி கொஞ்சம் இறங்கியே இருக்க வேண்டும். வெளியாட்களை ஏற்றக் கூடாது.

நஞ்சப்பன் சிரிப்பார். டேங்கர் லாரிக்காரன் கவலைப்பட வேண்டியதையெல்லாம் நாம் ஏன் படவேண்டும் என்பார். குழாய் பற்றவைக்கும் அசிட்டிலின் வாயு, இடுப்பு உயரம்கூட இல்லாத சிலிண்டர். இந்த அளவுக்கு எச்சரிக்கைப் பலகைகூட வேண்டாம் என்று விதியே விட்டுவிட்டதே என்பார். டீச்சர் சங்கிலியை ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டு உள்ளே போய்விடுவார்.

ஆடி மாதத்தில் ஒரு நாள் நஞ்சப்பன் தனியாகக் கோத்தகிரிக்குப் போனார். காய்கறிக் கிடங்கு ஒன்றில் வேலை. முடிந்ததும் எட்டு கிலோமீட்டர் கீழே இன்னொரு கிடங்கு. எட்டு கிலோமீட்டருக்காகக் கழற்றி மறுபடி மாட்டுவதா என்று ரெகுலேட்டரை அப்படியே விட்டார். மழை பிடித்தது. கண்ணாடிகளை ஏற்றிக்கொண்டார்.

மூன்றாவது வளைவில் ஒரு பெண் கை காட்டினாள். பக்கத்தில் அவள் கணவன், ஒரு காலில் மாவுக்கட்டோடு, சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு நின்றான். பேருந்து வரவில்லை என்றாள். நஞ்சப்பனால் தாண்டிப் போக முடியவில்லை. கால் நீட்ட இடம் வேண்டுமென்று அவனைப் பின்னால் உட்காரவைத்தார். அவள் முன்னால் ஏறிக்கொண்டாள். பெயர் மாதி என்றாள். அவன் போஜன். தேயிலை மூட்டை தூக்கும்போது சறுக்கி விழுந்த கதையைச் சொல்லிக்கொண்டு வந்தாள்.

கொஞ்ச தூரம் போனதும் அவள் கேட்டாள்:

"பூண்டு ஏத்திட்டுப் போறீங்களா அண்ணா?"

நஞ்சப்பன் மூக்கை உறிஞ்சிப் பார்த்தார். அவருக்கும் அந்த வாடை அடித்தது. அசிட்டிலின் கசிந்தால் பூண்டு நெடி வரும்; ஒரு பொறி பட்டால் போதும், வெடித்துவிடும்.

அவள் கையில் கைபேசி இருந்தது. வண்டியை ஓரம் கட்டினார். இன்ஜினை அணைக்கவும் பயம், அணைக்காமல் விடவும் பயம். அணைத்தார். கதவைத் திறந்தால் உள்விளக்கு எரியும். திறக்காமலும் ஆளை இறக்க முடியாது. முதலில் கண்ணாடிகளைக் கையால் சுற்றிச் சுற்றி இறக்கினார். கைப்பிடி இரண்டு முறை நழுவியது. காற்று உள்ளே வந்தது. எவ்வளவு நேரம் பொறுப்பது என்று தெரியவில்லை. பத்து வரை எண்ண முயன்று ஆறில் விட்டுவிட்டார்.

கைபேசியைத் தொட வேண்டாம், இறங்கி நடங்கள் என்று மாதியிடம் சொன்னார். ஏன் என்று அவள் கேட்டதற்கு வண்டி கோளாறு என்றார். பின்கதவைத் திறந்து போஜனை இரண்டு கைகளிலும் தூக்கினார். மாவுக்கட்டு கதவில் இடித்தது. அவன் முனகினான். அறுபது தப்படி நடந்து பாறை ஓரத்தில் அவனை இறக்கிவைத்தபோது நஞ்சப்பனுக்கு மூச்சு வாங்கியது.

அங்கிருந்து டீச்சரை அழைத்தார். கதவுகள் திறந்தே கிடக்கட்டும், பக்கத்தில் போகாதீர்கள், யாரையும் விடாதீர்கள், வருகிறேன் என்று சொல்லி டீச்சர் வைத்துவிட்டார்.

ஒரு பேருந்து மேலே ஏறி வந்தது. நஞ்சப்பன் நடுச்சாலையில் நின்று மறித்தார். ஓட்டுநர் திட்டினார். பின்னால் வண்டிகள் சேர்ந்தன. மழை விட்டதும் ஆட்கள் இறங்கி வேடிக்கை பார்க்க வந்தார்கள். ஒருவர் பீடியை வாயில் வைத்துக்கொண்டு, வண்டி ஏன் திறந்து கிடக்கிறது என்று கேட்டபடி தீப்பெட்டியை உரசப் போனார். நஞ்சப்பன் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். கும்பிட்டார். அந்த மனிதருக்கு ஒன்றும் புரியவில்லை. பெரிய சாமான் எதுவும் வண்டியில் இல்லையே என்றார்.

ஒரு மணி நேரம் கழித்து டீச்சர் ஸ்கூட்டரில் வந்தார். தூரத்திலேயே இறங்கி நடந்து வந்தார். கைபேசியை நஞ்சப்பனிடம் கொடுத்துவிட்டு வண்டியருகே நின்று மோந்து பார்த்தார். நெடி போயிருந்தது. உள்ளே எட்டி, மூடாமல் விட்டிருந்த வால்வைத் திருகி மூடினார். ரெகுலேட்டர் பொருந்தும் இடம் குலுங்கலில் தளர்ந்திருந்தது. கழற்றினார். மூடி போட்டார்.

மாதியையும் போஜனையும் வேறொரு வண்டியில் ஏற்றிவிட்டார்கள். ஏறும் முன் மாதி நஞ்சப்பனைப் பார்த்துக் கைகூப்பினாள். மழையில் யாருமே நிறுத்தவில்லை, நீங்கள்தான் நிறுத்தினீர்கள் என்றாள்.

சாலை காலியானது. நடந்ததையெல்லாம் சொல்லிவிட்டு நஞ்சப்பன் சாவியை நீட்டினார்.

"இனிமே நான் ஓட்டலைங்க டீச்சர்."

டீச்சர் சாவியை வாங்கவில்லை.

"அந்தம்மாவுக்கு உள்ள என்ன இருந்துச்சுன்னு தெரியுமாண்ணா?"

"தெரியாதுங்க."

"பீடி பத்தவெக்க வந்தவருக்கு?"

"தெரியாதுங்க. எப்படித் தெரியும், பலகை எதுவும் இல்லையே."

"டேங்கர்னா பின்னாடியே எழுதியிருக்கும். பார்த்து ஒதுங்கிக்குவாங்க. நம்முது கொஞ்சம்னு பலகை வேண்டாம்னுட்டாங்க. இந்த ரோட்டுல உள்ள என்ன இருக்குன்னு தெரிஞ்ச ஒரே ஆள் நீங்கதான்."

நஞ்சப்பன் சாவியை மடக்கிக்கொண்டு போய்ச் சிலிண்டரின் சங்கிலியை ஒருமுறை இழுத்துப் பார்த்தார். மலைமேலிருந்து அடுத்த பேருந்து இறங்கி வரும் சத்தம் கேட்டது.