உச்சியில் முதலில் எதைப் பார்ப்பது?

“டீச்சர், உச்சிக்குப் போனதும் முதல்ல எதைப் பாக்கணும்?”

வைரவன் இதைக் கேட்டபோது மலை ஏறத் தொடங்கவே இல்லை. இருவரும் அடிவாரத்தில் நின்று ஷூ கயிற்றை இறுக்கிக்கொண்டிருந்தார்கள்.

“அங்க போனதும் சொல்றேன் அண்ணே,” என்றார் ஜெய்னம்பு டீச்சர்.

மஸ்கட் நகரத்துக்குப் பின்னால் நிற்கும் மலை அது. மரம் இல்லை, புல் இல்லை. வறுத்த காப்பிக்கொட்டை நிறத்தில் வெறும் பாறை. காயல்பட்டினத்துக்காரரான ஜெய்னம்பு மற்ற நாட்களில் பள்ளியில் கணக்குச் சொல்லிக்கொடுப்பார். வெள்ளிக்கிழமைகளில் மலையேற்றம் சொல்லிக்கொடுப்பார். வைரவன் அவரைவிட இருபது வயது மூத்தவர். ஆனால் மலை என்று வந்துவிட்டால் வைரவன்தான் மாணவர்.

வைரவனுக்கு ஏ.சி. பொருத்தும் வேலை. இந்த நகரத்தின் பாதிக் கட்டடங்களை அவர் ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே குப்புறப் படுத்தபடி பார்த்திருக்கிறார். முழு நகரத்தையும் ஒரே பார்வையில் பார்த்ததில்லை. மலை உச்சியில் நின்றால் ஒரு பக்கம் கடலும் மறுபக்கம் நகரமும் தெரியும் என்று யாரோ சொன்னதிலிருந்து அவருக்குத் தூக்கம் போய்விட்டது.

அடுத்த மாதம் வேலை முடிகிறது. காரைக்குடிக்கே திரும்பிவிடுவார். அடுத்த வாரம் முதல் வெயில் ஏறிவிடும், மலை வகுப்பும் கிடையாது. ஆகவே இன்று விட்டால் விட்டதுதான். ஏற்கெனவே இரண்டு முறை பாதியில் திரும்பியிருந்தார்.

டீச்சர் இரண்டு பாட்டில்களை நிரப்பி, ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு சிவப்பு ரப்பர் பேண்டைப் போட்டார். அது அவருடைய சட்டம். தண்ணீர் ரப்பர் பேண்டுக்கு இறங்கிவிட்டால், நிற்கும் இடம் எதுவானாலும் திரும்பிவிட வேண்டும். மீதிப் பாதி இறங்குவதற்கு.

“பேண்டுக்கு மேலே தண்ணி இருந்தா போய்க்கிட்டே இருக்கலாமில்ல டீச்சர்?”

“இருக்கலாம்.”

“எவ்வளவு தூரம் வேணும்னாலும்?”

“உச்சியோட மலை முடிஞ்சிரும் அண்ணே. அதுக்கு மேல நீங்க பறக்கணும்.”

வைரவன் சிரித்தார். பிறகு தன் பாட்டிலை ஒரு துண்டால் நன்றாகச் சுற்றினார்.

“இது எதுக்கு?”

“தண்ணி சூடாகாம இருக்கும்.”

ஆளுக்கொரு விசிலைக் கழுத்தில் மாட்டியதும் டீச்சர் வழக்கமான கேள்வியைக் கேட்டார்.

“காரைக்குடி பஸ் ஸ்டாண்டுல இறங்கினா உங்க வீட்டுக்கு எப்படிப் போகணும்?”

“இடது பக்கம் திரும்பி, தபால் ஆபீஸைத் தாண்டி, பச்சை கேட்டு. எத்தனை தடவை டீச்சர் கேப்பீங்க? வீட்டுக்கு வரப்போறீங்களா?”

“பச்சை கேட்டு. சரி. நடங்க.”

பாதை எடுத்த எடுப்பிலேயே செங்குத்தாக ஏறியது. வழி காட்டுவதற்காகப் பாறைகளில் மஞ்சள், வெள்ளை, சிவப்பு என்று மூன்று பட்டைகள் தீட்டியிருந்தார்கள். ஒரு பட்டையிலிருந்து பார்த்தால் அடுத்த பட்டை தெரியும். வைரவன் ஒவ்வொன்றையும் கண்டுபிடித்துக் கத்தினார்.

“அதோ ஒண்ணு! டீச்சர், அதோ இன்னொண்ணு!”

“கத்தாதீங்க. மூச்சு போயிரும்.”

“எனக்கு இன்னைக்கு மூச்சுக்குப் பஞ்சமே இல்ல!”

உண்மைதான். போன முறை நின்று இளைத்த இடத்தை இந்த முறை ஒரு பாட்டின் இரண்டு வரியை முணுமுணுத்தபடியே கடந்துவிட்டார். காலடியில் சரளைக்கல் உருண்டு பள்ளத்தில் சலசலவென்று கொட்டியது. மேலே, ஆள் நிற்க முடியாத ஒரு விளிம்பில் ஓர் ஆடு நின்று அவரைப் பார்த்தது.

“என்ன முறைக்கிற? நானும் வர்றேன்!” என்றார் அதனிடம்.

நிழல் கண்ட இடங்களில் டீச்சர் நின்றார். தண்ணீர் குடித்தார். வைரவனும் துண்டு சுற்றிய பாட்டிலைத் தூக்கி வாயில் வைத்தார். உதட்டை நனைத்துக்கொண்டு மூடினார். தொண்டைக்குள் ஒரு சொட்டு இறங்கவில்லை.

அதுதான் அவர் திட்டம். தண்ணீர் குறைந்தால்தானே பேண்டுக்கு வரும்? குடிக்காவிட்டால் எப்படி வரும்?

போன முறை திரும்பிய பாறை வந்தது. தாண்டினார்கள். வைரவனுக்குக் கால் தரையில் பாவவில்லை. ஒரு திருப்பம், இன்னொரு திருப்பம். சட்டென்று வானம் விரிந்தது. உச்சி தெரிந்தது! யார் யாரோ வந்து அடுக்கிய கற்குவியலும், அதில் செருகிய கிழிந்த கொடியும்கூடத் தெரிந்தன. கூப்பிட்டால் கேட்கும் தூரம்தான். நடுவில் கையூன்றித் தொற்றி ஏற வேண்டிய ஒரு பாறைச் சரிவு மட்டும் பாக்கி.

“டீச்சர்!” என்றார் வைரவன்.

ஜெய்னம்பு திரும்பிப் பார்த்தார். இவ்வளவு நேரம் ஓயாமல் பேசிய மனிதர் வாயை மூடி நின்றார். முகம் சிவந்திருந்தது. நெற்றியில் ஒரு துளி வேர்வை இல்லை.

“அண்ணே, பஸ் ஸ்டாண்டுல இறங்கினா வீட்டுக்கு எப்படிப் போகணும்?”

வைரவன் யோசித்தார்.

“எந்த வீடு?” என்றார்.

டீச்சர் அவர் கையைப் பிடித்து ஒரு பாறையின் நிழலில் உட்காரவைத்தார். துண்டைப் பிரித்தார். பாட்டில் கழுத்துவரை நிறைந்திருந்தது.

டீச்சர் திட்டவில்லை. துண்டை நனைத்து அவர் தலையில் போட்டார்.

“குடிங்க.”

“குடிச்சா பேண்டுக்கு வந்துரும்.”

“குடிங்க அண்ணே.”

ஒரு வாய். நிறுத்தி இன்னொரு வாய். உப்புக்கடலை கொஞ்சம். மறுபடி தண்ணீர். நிழல் காலடியிலிருந்து ஒரு முழம் நகர்ந்தது. வைரவன் நெற்றியில் வேர்வை துளிர்த்தது. கண்ணில் தெளிவு வந்தது. தண்ணீர் சிவப்பு ரப்பர் பேண்டைத் தொட்டுக்கொண்டு நின்றது.

வைரவன் பாட்டிலைப் பார்த்தார். கொடியைப் பார்த்தார்.

“இந்தப் பேண்டைக் கொஞ்சம் கீழே தள்ளிக்கிட்டா என்ன டீச்சர்?”

“தாராளமாத் தள்ளலாம். தண்ணி ஏறுமா?”

வைரவன் பேண்டை நோண்டிய விரலை எடுத்துக்கொண்டார்.

“இப்பத்தான் தலை சுத்தி உக்காந்தீங்க. அந்தச் சரிவுல ஒரு கை நழுவினா நான் மீனலோசனிக்கு என்ன பதில் சொல்றது?”

மீனலோசனி அவருடைய மகள். அந்தப் பெயரைக் கேட்டதும் வைரவன் தலையைக் குனிந்துகொண்டார். குனிந்தபடியே முணுமுணுத்தார்.

“உங்களுக்கென்ன டீச்சர். வாராவாரம் மேலே நின்னு பாக்குறவங்க.”

“நான் பாத்ததில்ல.”

“எதை?”

“உச்சியை. நான் போனதே இல்ல அண்ணே.”

வைரவன் தலையிலிருந்த துண்டை இழுத்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“விளையாடுறீங்களா? நாலு வருஷமா இந்த மலையில கிடக்குறீங்க!”

“ஒவ்வொரு தடவையும் கூட வர்ற யாருக்காவது பேண்டுக்கு வந்துரும். அவங்களோட இறங்கிருவேன்.”

“தனியா வந்து ஏற வேண்டியதுதானே?”

“தனியா ஏறக் கூடாதுன்னு உங்களுக்குச் சொல்லிக்கொடுத்ததே நான்தானே.”

வைரவன் டீச்சரின் பாட்டிலைப் பார்த்தார். அதில் தண்ணீர் பேண்டுக்கு நன்றாக மேலே இருந்தது. திடீரென்று அவர் முகம், அடிவாரத்தில் இருந்தது போல ஆகிவிட்டது.

“டீச்சர், நீங்க போங்க!”

“உங்களை விட்டுட்டா?”

“இதோ, கூப்பிட்டா கேக்குற தூரம். நான் இந்த நிழலை விட்டு நகர மாட்டேன். விசில் ஊதிக்கிட்டே இருக்கேன். நின்னுச்சுன்னா ஓடி வந்துருங்க.”

“வேண்டாம் அண்ணே.”

“எனக்குத்தான் கிடைக்கல. இவ்வளவு பக்கத்துல வந்துட்டு ரெண்டு பேரும் பாக்காமப் போனா அந்த ஆடு நம்மளைப் பாத்துச் சிரிக்கும். போங்க டீச்சர், போங்க!”

ஜெய்னம்பு அவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். நாடியைப் பிடித்துப் பார்த்தார்.

“வீட்டுக்கு எப்படிப் போகணும்?”

“இடது பக்கம், தபால் ஆபீஸ், பச்சை கேட்டு! கேட்டுக்கு உள்ளே ஒரு நெல்லி மரம்! போதுமா?”

“விசில் நிக்கக் கூடாது.”

“நிக்காது!”

டீச்சர் பையை இறக்கி அவர் காலுக்கு அண்டை கொடுத்துவிட்டு நடந்தார். முதல் சில அடிகள் தயங்கித் தயங்கி. பிறகு வேகமாக.

வைரவன் ஊதினார். பீப்... பீப்... பீப்... மலை அதைத் திருப்பிச் சொன்னது. டீச்சர் சரிவில் கை வைத்தார். வைரவன் விசிலை இன்னும் வேகமாக ஊதினார். டீச்சரின் கால் ஒரு பிளவில் ஊன்றியது, அடுத்த கை மேலே போனது. வைரவனுக்குத் தன் கையே பாறையைப் பிடிப்பது போல இருந்தது. கன்னம் உப்ப ஊதினார். விளிம்பில் நின்ற ஆடு மிரண்டு ஓடியது.

டீச்சர் சரிவின் மேல் விளிம்பில் மார்பைச் சாய்த்து எழுந்தார். கற்குவியலை நோக்கி நாலு எட்டு வைத்தார். கொடியைத் தொட்டார். மேலே இனி மலை இல்லை, வானம்தான்.

வைரவனால் அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை. விசிலைத் துப்பிவிட்டுத் தொண்டை கிழியக் கத்தினார்.

“டீச்சர்! முதல்ல எதைப் பாத்தீங்க?”

கொடியருகில் அந்தச் சிறிய உருவம் நின்றது. கடலையும் நகரத்தையும் விட்டுவிட்டு இவர் பக்கம் திரும்பி, இரண்டு கைகளையும் வாயருகே குவித்திருந்தது.

“உங்களைத்தான் அண்ணே! விசில் ஏன் நின்னுச்சு?”