இடைவெளியில் போட்ட எண்

பூமியின் காந்தத்தை அளக்கும் ஆய்வகம் ஒன்று தெற்கே இருக்கிறது. அதன் தலைவர் ஜெபமணி அம்மையார். குரு என்று யாராவது கூப்பிட்டால் அவருக்குக் கடுப்பு வந்துவிடும். ஆனாலும் சங்கரவேலுவுக்கு அவர்தான் குரு. இத்தனைக்கும் இருவருக்கும் ஒரே வயது. மின்வாரிய வேலையை உதறிவிட்டு இந்த வித்தையைக் கற்க வந்த மனிதர் சங்கரவேலு.

வித்தை இதுதான். சூரியனிலிருந்து ஓயாமல் ஒரு காற்று வருகிறது. வழியில் நிற்கும் விண்கலம் அதை அளந்து சொல்லும். காற்று சுமந்துவரும் காந்தம் வடக்கே பார்த்திருந்தால் பூமிக்குப் பெரிதாக ஒன்றுமில்லை. தெற்கே திரும்பினால் காந்தப் புயல்.

கல்லூரிப் பிள்ளைகள் வருடக்கணக்கில் பாடுபட்டுச் செய்த குட்டிச் செயற்கைக்கோள் ஒன்று தாழ்வாகச் சுற்றிக்கொண்டிருந்தது. பேட்டரிக்கு மின்சாரம் தரும் அதன் சூரியத் தகடுகளை விரிக்கலாமா என்று சங்கரவேலுவைக் கேட்டார்கள். புயல் அடித்தால் வானத்து மேல்காற்று உப்பி, விரித்த தகட்டைப் பிடித்துக் கீழே இழுத்துவிடும்.

"அமைதியாத்தான் இருக்கும். விரிங்க" என்றார்.

விரித்தார்கள். புயல் வந்தது. செயற்கைக்கோள் எரிந்துபோனது.

மறுநாள் காலை, வேலையை விடுவதாகச் சொல்லிக்கொண்டு ஜெபமணியின் முன் வந்து நின்றார் சங்கரவேலு.

"என் கணக்கு எங்க தப்பாச்சு, மேடம்?"

ஜெபமணி கணினியில் சூரியக் காற்றின் முந்தின நாள் வரைபடத்தைத் திறந்தார். கோடு ஒழுங்காகத்தான் ஓடியது. நடுவில் ஓரிடத்தில் விரல் வைத்தார்.

"இங்க அளவு வந்துச்சா?"

"இல்ல. சூரியத் துகள் தாக்கி விண்கலத்துக் கருவிக்குக் கண்ணு அவிஞ்சு போச்சு. அதுக்கு முன்னால வந்ததோட சராசரியைப் போட்டேன். எல்லாரும் அப்படித்தானே போடுதோம்? காலியா விட்டா கணக்கு ஓடாதுல்லா."

ஜெபமணி அந்த எண்களை அழித்தார். கோடு பாதியில் நின்றது.

"இப்ப என்ன தெரியுது?"

"ஒண்ணும் தெரியல."

"இதைப் பிள்ளைங்ககிட்ட சொன்னீங்களா?"

சங்கரவேலு திருப்பிக் கேட்டார். "சொல்லியிருந்தா அது பிழைச்சிருக்குமா?"

"இல்ல. பேட்டரி தீர்ந்துக்கிட்டு இருந்துச்சு. எப்படியும் விரிச்சிருப்பாங்க. எரிஞ்சுதான் போயிருக்கும்."

"அட கடவுளே! அப்புறம் சொன்னா என்ன, சொல்லாட்டி என்ன?"

ஜெபமணி கணினியை விட்டு அவர் பக்கம் திரும்பினார்.

"எரிஞ்சதும் பிள்ளைங்க இங்க போன் போட்டாங்க. நான்தான் எடுத்தேன். செயற்கைக்கோள் போச்சேன்னு ஒருத்தரும் அழல. 'சார் சொன்னாரே, சார் சொன்னாரே'ன்னுதான் அழுதாங்க."