கத்தரிக்காய்க்குக் கொசுறு

முன்னொரு காலத்தில் கொன்றையூர்ச் சீமையை உக்கிரராயன் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். காலையில் ஒரு புத்தி, மாலையில் ஒரு புத்தி அவனுக்கு. ஒருநாள், "சாமியை நேரில் கண்டவர் யார்?" என்று சபையில் கேட்டுவிட்டான்.

"நாற்பது வருஷம் விரதமிருந்த அடியேன் ஒருவன்தான்," என்றார் தலைமைப் பண்டிதர் தாண்டவமூர்த்தி.

"கத்தரிக்காய் விற்கிற சிட்டாயிகூட, சாமி தினமும் தன் கடைக்கு வருதுன்னு சொல்றாளே," என்றான் ஒரு காவலன்.

பண்டிதர் முகம் கறுத்தது. "காய்காரிக்குத் தரிசனமா? பொய்! அவள் கடையைப் பிடுங்குங்கள், பிரபு!"

சபைக்கு இழுத்துவரப்பட்ட சிட்டாயிக்குக் கடை போய்விடுமே என்ற பயம். தலைச்சுமையோடு ஊர் ஊராய் அலைந்து, பதினோரு வருஷம் மல்லுக்கட்டிப் பிடித்த இடம் அது. ஆனாலும் வாய் சும்மா இருக்குமா?

"நாளைக்குக் கடைக்கு வாங்க, மகாராஜா, காட்டறேன். ஆனா இந்த ஐயா என்கிட்ட காய் வாங்கணும்."

மறுநாள் ராஜா ஓரமாய் நிற்க, பண்டிதர் பையோடு வந்து கத்தரிக்காயைப் புரட்டினார்.

"வீசை என்ன விலை?"

"நாலு காசு."

"இந்தச் சொத்தைக்கா? இரண்டு."

"சொத்தை உங்க கண்ணுல! மூணு. எடுத்தா எடுங்க, இல்லேன்னா நடையைக் கட்டுங்க!"

மூன்றுக்குப் படிந்தது. சிட்டாயி நிறுத்துக் கொட்டிவிட்டு, வலது கையைத் தொடைக்கடியில் அமுக்கிக்கொண்டு உட்கார்ந்தாள்.

இரண்டடி போன பண்டிதர் திரும்பினார். "ஏம்மா, கொசுறு எங்கே? கறிவேப்பிலை போடு."

"விலையில பேசினோமா?"

"அதை யார் பேசுவார்கள்? கேட்டால் போடவேண்டியதுதானே!"

"என் கடையையே பிடுங்கச் சொன்னீங்க. அப்புறமும் போடுவேன்னு எப்படி ஐயா நம்பினீங்க?"

பண்டிதர் குனிந்து தம் பையைப் பார்த்தார்.

"மகாராஜா, நான் கோபக்காரி. அரைக்காசு விடமாட்டேன். ஆனா தராசு இறங்கினதும் இந்தக் கை தானா கறிவேப்பிலைக்குப் போயிடும். ஆகாதவங்களுக்கும் போகும். அந்நேரம் பக்கத்துல யாரோ நிக்கற மாதிரி இருக்கும். அதைத்தான் சாமிங்கறேன். இன்னிக்குக் கையை அமுக்கினேன், பாருங்க, மரத்தே போச்சு."

சொல்லும்போதே கை விடுபட்டு, ஒரு கொத்தை எடுத்துப் பண்டிதர் பையில் போட்டது.

ராஜா தன் கையைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தான். "இது ஒருநாளும் அப்படிப் போனதில்லையே!" பிறகு உரக்கச் சிரித்தான். "இந்த இடம் உனக்கே, வரியும் கிடையாது. பண்டிதரே, ஒரு மாதம் இங்கே உட்கார்ந்து வருகிறவர்களுக்குக் கொசுறு போடும். கை பழகட்டும்."

சொல்லிவிட்டு மெல்லக் கையை நீட்டினான். "எனக்கும் ஒரு கொத்து."

சிட்டாயி நிமிர்ந்து பார்த்தாள். "முதல்ல காய் வாங்குங்க, மகாராஜா!"